குளிர்ப்பெட்டியின் பின்பக்கம்

மெல்வின் பர்தலட்
பாலையூற்றில் பிரிட்ஜ் திருத்துகிறவர்.
ஞாயிறுகளில் வயலின்.
மார்கழி மழையில் என் அறைக்கு வந்து
ஏழு துண்டுகள் வாசித்தார்,
தாடைக்கும் மரத்துக்கும் நடுவில்
லேஞ்சி ஒன்றை நாலாய் மடித்துவைத்து.

இன்று கோப்பை வாங்க வந்தவர்
கேட்கவில்லை, பார்த்தார்.
திரையில் இருபதாயிரம் ஹேர்ட்ஸுக்குக் கீழே
கூட்டிப் பெருக்கிய முற்றம்.
அதற்கு மேல்
வெண்புகை,
ஏற ஏறத் தடித்து.

"என்ன தங்கச்சி இது?
என்ட வயலினில இது இல்லையே."

இல்லைதான்.
ஆம், இல்லை, ஆம், ஆம், இல்லை
இவ்வளவுதான் ஒற்றைப் பிட்டுக்குத் தெரியும்.
நொடிக்கு இருபத்தெட்டு இலட்சம் தடவை
அதை வைத்துத்தான் உங்கள் வில்லை அளந்தேன்.
ஒவ்வொரு பதிலிலும் அது கொஞ்சம் பிழைக்கிறது.
அந்தப் பிழையைக் கொல்ல வழியில்லை அண்ணை.
தள்ளலாம்.
நம் காதுகளின் எல்லைக்கு அப்பால்
தள்ளித் தள்ளிக் குவிக்கலாம்.

திருகாணி தேய்த்த விரலால் நாடியைச் சொறிந்தார்.
"பிரிட்ஜும் அப்பிடித்தானே.
சூட்டை அது அழிக்கிறேல்ல.
பின்னுக்கு அனுப்புது.
முன்னால ஐஸ்பழம்,
பின்னால கை வைச்சுப் பாரும்."

பதினாறு வருசமாய்
வாடிக்கையாளர்களுக்கு நான் கைகளை ஆட்டி ஆட்டிச்
சொல்லிக்கொண்டிருந்தது
இதைத்தான்.

பிறகு கேட்டார்:
"அப்ப பின்னால ஆர் நிக்கிறது?"

கோட்டை வாசலிலிருந்து
நூறு யார் தள்ளி என் அறை.
மான்கள் வரும். பயமில்லாதவை.
சோற்றுப்பார்சல் தாளையும் தின்னும்,
ஓட்டோவுக்கும் வழிவிடாது.
ஒன்று அப்போது ஜன்னலுக்கு வெளியே
வாழைப்பழத் தோலோடு நின்றது.

நாற்பதாயிரம் வரை எட்டும் டுவீட்டரில்
வடிகட்டாமல் ஓடவிட்டேன்.
வயலின் தொடங்கவில்லை இன்னும்.
எங்களுக்கு வெறும் அமைதி.
எனக்குப் பதின்மூவாயிரத்தோடு காது முடிகிறது,
அவருக்குக் கொம்பிரசர்கள் அதையும் கொஞ்சம் தின்றுவிட்டன.

மானின் இடது காது திரும்பியது.
பிறகு வலது.
மெல்லுவது நின்றது.
எங்கள் அமைதியை நோக்கி
அது பார்த்துக்கொண்டே நின்றது,
யாரோ உள்ளே கத்துவதைப் போல.

வடிகட்டியை அழுத்தினேன்.
மெல்லத் தொடங்கியது.

மெல்வின் எதுவும் சொல்லவில்லை.
தேத்தண்ணியில் ஆடை படிந்தது.

அடுத்தது, கோயில் பிள்ளைகளுக்கான சீடி.
இருபத்துநாலு பிட்டைப் பதினாறாய் வெட்ட வேண்டும்.
ஐந்தாம் துண்டின் கடைசிச் சுரம்
தேய்ந்து தேய்ந்து போகிற இடத்தில்
வெட்டுக்கத்தி படிக்கட்டு கட்டுகிறது:
கரகரத்து, ஒரு படி இறங்கி, இன்னொரு படி,
பிறகு
ஒன்றுமில்லை.

ஆகவே ஒரு சிட்டிகை இரைச்சலைக்
கணக்குப் பார்த்துத் தூவினேன்.

"ஊத்தையைத் தள்ளினதெண்டீர்.
இப்ப நீரே போடுறீரே?"

மகாவலி கடலில் விழுகிற இடத்தில்
மணல்திட்டு இருக்கிறதல்லவா, அண்ணை.
தண்ணீர் பளிங்காய்க் கிடக்கிற நாளில்
சின்ன வள்ளம் அதில் தட்டி நின்றுவிடும்.
கொஞ்சம் அலை கிடந்தால்
தூக்கும், இறக்கும், தூக்கும்,
ஆடி ஆடி
அந்தப் பக்கம் போய்விடும்.

கண்ணை மூடிக் கேட்டார்.
சுரம் மெலிந்து
இரைச்சலுக்குள் இறங்கி
இரைச்சலுக்குக் கீழேயும் போய்க்கொண்டிருந்தது.
"முடிஞ்சுதா?" என்றார்.
தெரியவில்லை என்றேன்.
இன்னும் கொஞ்ச நேரம் இருந்தோம்.

காசு தந்தார். மீதியை எண்ணாமல் சட்டைப்பையில் போட்டார்.
வாசலில் செருப்பைத் தேடியபடி,
"மற்றக் கோப்பு," என்றார்,
"அந்தப் புகையோட இருக்கிறது,
அதையும் தாரும்.
ஆனா வீட்டில நாய் நிக்குது.
அது படுத்தாப் பிறகு போடுறன்."